சிவப்புக் குறி உள்ள பேல்கள்

பாய்,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரல் வைத்துப் படிப்பதுபோல் நடித்தேன். தேடியதெல்லாம் ஒரே வார்த்தையைத்தான். ‘விச்’ (which). மூன்று இடத்தில் இருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு உருவம் பார்த்தே அடையாளம் தெரிகிற இங்கிலீஷ் அது ஒன்றுதான். நீங்கள் பழக்கியது. “நல்ல கடிதமுங்க” என்று மடித்து வைத்துவிட்டேன்.

அப்போது நீங்கள் ஆபீஸ் குமாஸ்தா, நான் பனியன்களை மூட்டையாகத் தைத்துப் பேல் போடுகிற பேக்கிங் ஆள். சில பேல்களில் கறைபட்ட பனியன் போய்விட்டது, பேல்களைத் திருப்பி அனுப்பவும் என்று ஒருமுறை கல்கத்தா கடைக்குத் தனித்தனி வாக்கியமாக எழுதினீர்கள். அந்த ஆள் லோடு முழுவதையும் திருப்பிவிட்டார். “இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா, நீங்களும் ஊட்டுக்குக் கெளம்பிருங்க பாய்” என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உங்களுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டில் ஐந்து பேர் உங்கள் பேனாவை நம்பி இருந்தார்கள்.

மறுநாளே ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தோடு வந்தீர்கள். தமிழில் ‘கறைபட்ட பேல்’ என்று கறையை முன்னால் சொல்கிறோம்; இங்கிலீஷில் பேலைச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘விச்’ போட்டுக் கறையைச் சொல்ல வேண்டுமாம்.

“வால் மாதிரிங்களா பாய்?”

“வாலேதான் மாப்ளை. யாரோட வாலோ அவன்கிட்டயே ஒட்டணும். தள்ளி ஒட்டுனா பக்கத்துல நிக்கிறவனுக்கு முளைச்சுரும்.”

முதலில் எழுதிப் பார்த்ததில் வால் முதலாளிக்குப் பக்கத்தில் போய் விழ, எண்ணெய்க் கறை அவர்மேல் ஏறிவிட்டது. “இது சரியாத்தானுங்க இருக்குது, எதுக்கு மாத்தறீங்க?” என்றேன். ஸ்கேலை ஓங்கினீர்கள்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. கறைபட்ட சரக்கு உள்ள பேல்களில் சிவப்பு மையால் கோடு இழுத்துத் தனியாக வைப்பது என் வேலை. முதல் நாள் அவசரத்தில் அவையும் லோடில் ஏறிவிட்டன. எத்தனை போயிற்று என்று நான் குடோனில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தீர்கள். முகமெல்லாம் வெளிச்சம்.

“வாலை எங்கே ஒட்டியிருக்கேன் பாரு. ‘சிவப்புக் குறி உள்ள பேல்களை மட்டும் திருப்பி அனுப்பவும்.’ ஒரு தப்பு சொல்லு பார்ப்போம்.”

எண்ணுவதை விட்டுவிட்டு எழுந்தேன்.

“பாய், எல்லா பேல்லயும் சிவப்பு இருக்குதுங்க.”

“எல்லாத்துலயுமா?”

“குங்குமமுங்க. லோடு போற வெள்ளிக்கிழமை பூசை போட்டு ஒண்ணொண்ணுக்கும் பொட்டு வெப்பேனுங்க.”

அந்த நேரம் நீங்கள் ஜும்மா தொழுகையில் இருப்பீர்கள். திரும்பி வந்து பொரியை வாங்கிக்கொள்வீர்கள். அதற்குள் லோடு கிளம்பியிருக்கும்; பொட்டு வைத்த பேலை ஒருநாளும் கண்டதில்லை. நாற்காலியில் உட்காரப் போனவர் உட்காராமலே நின்றீர்கள்.

சைக்கிளில் உங்களைப் பின்னால் வைத்து மிதித்தேன். தபாலாபீஸில் பையைக் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். கெஞ்சினோம். “சீல் வெச்சதை நான் பிரிக்க முடியாதுங்க” என்றார் போஸ்ட்மாஸ்டர். மிச்சம் தந்திதான். தந்தி ஃபாரத்தை வைத்துக்கொண்டு நின்றீர்கள். ‘பொட்டு அல்ல, நீளமாகக் கோடு போட்ட மூன்று பேல்கள் மட்டும்’ என்பதுதான் செய்தி. எழுதி, அடித்து, மறுபடி எழுதினீர்கள். தந்தி குமாஸ்தா பார்த்துவிட்டு, “எதுக்குங்க இவ்வளவு நீளம்? இந்த விச்சும் அதுக்குப் பின்னால இருக்கறதும் வேண்டாமே, வெட்டிரட்டுங்களா?” என்றார்.

“அதை வெட்டினா என் வேலையையும் சேர்த்து வெட்டிருங்க” என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதேயில்லை.

அதன்பிறகு பதினோரு நாள். ரயில்வே குட்ஸ் ஷெட்டுக்குத் தினமும் போய்ப் பார்த்தேன். முதலாளி எதிரே வந்தாலே நீங்கள் லெட்ஜருக்குள் முகத்தைப் புதைத்தீர்கள். “பாய், சட்டையைத் துவைச்சு வெச்சிருக்கீங்களா, வேற கம்பெனிக்குப் போகோணுமில்ல?” என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நானும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தன. மூன்றே மூன்று. மூன்றிலும் சிவப்புக் கோடு. முதலாளி உங்கள் தோளில் தட்டி, “இங்கிலீஷுன்னா இப்பிடி இருக்கோணும்” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டீர்கள்.

அதன்பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லவே இல்லை. நீங்கள் உலகத்தை விட்டுப் போன பிறகும் என்னிடமே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் வால் சரியான இடத்தில்தான் இருந்தது பாய்.

அன்று சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்து மூன்று பேலையும் பிரித்தேன். உள்ளே இருந்த பனியன்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. தப்பான பேல்களில் கோடு போட்டவன் நான். கறைபட்டவை கல்கத்தாவிலேயே தங்கிவிட்டன; அங்கிருந்து கடைசிவரை யாரும் ஒன்றும் எழுதவில்லை. மூன்றையும் மறுபடி தைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை லோடில் ஏற்றிவிட்டேன்.