மிடியும் மடியும்

அனுமந்தன்பட்டி
20.9.1988

அன்புள்ள மகன் தங்கபாண்டிக்கு அம்மா பாண்டியம்மாள் எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிறோம், பசுவும் கன்றும் சுகம். எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நீயாவது சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. உன் தங்கச்சி பவுனு மகள் சொர்ணலதாவுக்குக் காதுகுத்தும் முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று அப்பா எழுத வேண்டாம் என்கிறார். நான் எழுதாமல் இருக்கப்போவதில்லை. முதல் குற்றம் என்னுடையதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆடியில் நீ போட்ட கடிதத்தை வாசித்தது நான். அப்பாவுக்குக் கண்ணில் புரை, பவுனு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாசி வாசி என்று அவசரப்படுத்துகிறாள். காதுகுத்துக்கு நாள் பாருங்கள், மேளத்துக்குச் சொல்ல வேண்டாம், அது என் பொறுப்பு என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாய். மறுபக்கம் முழுக்க, ரூமிலேயே பாட்டுப் போட நீ வாங்கப்போகும் கம்ப்யூட்டர் கதை. ஒன்று விலை குறைவு, இன்னொன்றில் நீ வாசிக்கிற கீபோர்டை நேராக மாட்டிக்கொள்ளலாம், எதை எடுக்கட்டும் என்று எங்களைக் கேட்டிருந்தாய். மாட்டுத் தாவணியில் மாடு பிடிக்கச் சொன்னாலும் அப்பா சொல்லுவார், இதற்கு நாங்கள் என்னத்தைச் சொல்ல என்று வேகமாக வாசித்துக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டு வரி, மடி இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆவணிக்குள் மடிக்கு எப்படியும் வழி பண்ணிவிடுவேன் என்று. அதைக் கேட்டதும் பவுனு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அவள் அழுததற்குக் காரணம் உனக்குத் தெரியாததில்லை. ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டிய காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவோம், எங்கள் அண்ணன் வரட்டும் என்று அவள்தான் பிடிவாதமாகத் தள்ளிப்போட்டாள். பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது. அவள் மாமியார் தினமும் ஒரு சொல் சொல்லாமல் சோறு போடுவதில்லை, உனக்கு அண்ணன் இருக்கானா இல்ல சும்மா சொல்லிக்கிட்டுத் திரியிறியா என்று கேட்டிருக்கிறாள். அந்த மாமியார் வீட்டுக்கே உன் கடிதத்தைக் கொண்டுபோய் நான் வாசித்துக் காட்டினேன். பத்திரிகையில் தாய்மாமன் தங்கபாண்டி, சிங்கப்பூர் என்று பெரிய எழுத்தில் போட்டோம். உனக்கும் பதில் எழுதினேன், மடிதான் முக்கியம் மற்றதெல்லாம் அப்புறம் என்று.

காதுகுத்து வெள்ளிக்கிழமை. செவ்வாயும் புதனும் அப்பா உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். மதுரையிலிருந்து வந்த பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு, புரை விழுந்த கண்ணோடு, நீ இறங்கி நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்து என்னிடமே கேட்டார். வியாழன் மத்தியானம் தபால்காரர் உன் பார்சலைக் கொடுத்தார். உள்ளே ஒரு கேசட், ஒரு துண்டுத் தாள். அம்மா, நீங்கள் சொன்னபடியே மிடி உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட்டேன், டிக்கெட்டுக்கு வைத்திருந்ததும் அதிலேயே போய்விட்டது, மேளத்தை நானே கம்ப்யூட்டரில் தனியாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் சொன்னபடியா. மைக் செட் கட்ட வந்திருந்த, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ராயப்பன்பட்டி ஜேசுராஜிடம் இரண்டு கடிதத்தையும் அப்பா நீட்டினார். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது மடி இல்லய்யா, மிடி, கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் சேக்குற ஒயரு சமாச்சாரம் என்றான். மி எழுத்துக்கு மேலே வளைவு போடாமல் விட்டுவிடுவதற்கு மூன்றாம் வகுப்பிலேயே நீ அடி வாங்கினாய், இன்னும் திருந்தவில்லை. எனக்குத் தெரிந்த மிடிக்கு வறுமை என்று அர்த்தம், வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. டிக்கெட்டை விட்டுவிட்டு அதைக் காசு கொடுத்து வாங்கினவனை இப்போதுதான் பார்க்கிறேன். அப்பா, அவன் சரியாத்தேன் எழுதிருக்கான், நாமதேன் ஆசையில தப்பா வாசிச்சுட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கோயிலில் உன் கேசட்டைப் போட்டோம். நாதசுரம், தவில், தாளம் எல்லாம் வந்தது, நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். வந்தவர்கள் மேளக்காரர்களைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பவுனின் மாமியார் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, மேளமும் வரல மாமனும் வரல சத்தம் மட்டும் வந்திருக்கு என்றாள். மொட்டை போட்ட பிள்ளை வெயிலில் நிற்கிறது, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், நேரம் போகிறது. உன் சித்தப்பா மகன் ஒச்சாண்டி, கறிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவன், கையைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சட்டையெல்லாம் கரி. ஆத்தா இங்கன வா, மாமன் மடி இருக்குல்ல என்று பிள்ளையை வாங்கிக்கொண்டான். குத்தும்போது அது அவன் கையைக் கடித்துவிட்டது, பல் பதிந்த இடம் இன்னும் கன்றிப்போயிருக்கிறது. கேசட்டின் கடைசியில் மேளம் நின்ற பிறகு நீ ஒரு தரம் இருமுகிறாய். அந்த இருமல் ஒன்றுதான் நீ வந்தது. அதைக் கேட்டுவிட்டுப் பவுனு மைக் செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

உன் கடிதத்தில் இல்லாததை நான் வாசித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மடி என்று தெளிவாகத்தான் எழுதினேன். அம்மாவுக்கு எழுதத் தெரியவில்லை என்று நீயே மனசுக்குள் திருத்தி வாசித்துக்கொண்டாய். ஆவணியில் காதுகுத்து வைத்திருக்கிற வீட்டிலிருந்து மடி முக்கியம் என்று எழுதினால் அது என்ன மடி என்று உனக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேகமலைப் பக்கம் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் வருகிறது. அப்பாவுக்குத் தைக்குள் கண்ணை அறுத்துவிடலாம் என்கிறார்கள். அந்த இருமலுக்கு மிளகும் தேனும் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து அந்தப் பெட்டி முன்னால் உட்காராதே. குலசாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், அதில் எனக்கு மாற்று எண்ணம் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. காது குத்த மடி கொடுத்தவன்தான் மாமன் என்று கோயிலிலேயே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். நாளைக்கு சொர்ணலதா சடங்கானாலும் கல்யாணமானாலும் முதல் மாலை ஒச்சாண்டிக்கு. நீ வந்தால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாண்டியம்மாள்