பெயரை மாற்றினால் போட்டோ மாறாது

விடியும் முன்பே குளித்துக் கிளம்பிய திலகவதி, தூங்கிக்கொண்டிருந்த கணவன் செந்தமிழ்செல்வனுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

“மாமா, இன்னிக்கு கடலூர்ல எனக்கு கிளார்க் பரீட்சை. ‘உன் போட்டோவ அப்ளை பண்ற சைட்டு எடுத்துக்க மாட்டேங்குது, விட்டுடு’ன்னீங்க. நான் விடல. பிரவுசிங் சென்டர்ல போய்ப் பார்த்தேன். சைட்டு கேக்கறது ஜேபிஜி போட்டோ; நீங்க பிஎம்பி ஃபைலோட பேரை மட்டும் ஜேபிஜின்னு மாத்தி வச்சிருக்கீங்க. பேரை மாத்தினா உள்ள இருக்கறது மாறுமா? பெயிண்ட்ல திறந்து, சின்னதாக்கி, ஜேபிஜியா சேவ் பண்ணேன். ரெண்டு எம்பி இருந்தது நாப்பது கேபி ஆச்சு. சைட்டு உடனே எடுத்துக்கிச்சு.

தெரியாம செஞ்சீங்களா, வேணும்னே செஞ்சீங்களான்னு வந்து பேசிக்கலாம்.

சாம்பார் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. சாவிய எதிர்வீட்டு ராமாமிர்தம் அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.”

பேனாவை மூடியவளுக்கு மனசு கேட்கவில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்:

“உங்க கடை லோகோவ ஜேபிஜியா வச்சிருக்கறதாலதான் நோட்டீஸ்ல பின்னாடி வெள்ளைக் கட்டம் தெரியுது. பின்னணிய எடுத்துட்டு, வெள்ளை ஒட்டாத பிஎன்ஜியா மாத்தி, பென்டிரைவ்ல போட்டு டிவி மேல வச்சிருக்கேன்.”

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

“அஞ்சு மணிக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல இறங்குவேன். வண்டி எடுத்துட்டு வந்தா ஏறிக்கிறேன். வரலன்னாலும் சரி, அடுத்த பரீட்சைக்கும் அப்ளை பண்ணியாச்சு.”