இரண்டு குடம் குறையுது

குரோம்பேட்டை
12.6.93

மச்சானுக்கு ஸலாம்.

நம்ம மகள் குல்ஷனை அடக்கி நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிஞ்சது. உங்களுக்கு லீவு கிடைக்காததைப் பத்தி யாரும் எதுவும் கேட்கலை.

தொழுறியான்னு எழுதியிருந்தீங்க. பாயில உட்காருவேன், ஒண்ணும் வராது. எழுந்து துணி துவைக்கப் போயிடுவேன்.

இங்கே இப்பவும் லாரித் தண்ணிதான், ஆளுக்கு ரெண்டு குடம். வரிசையைப் பார்க்கிறது எதிர்வீட்டு ஜெயக்கொடி அக்கா. ஒரு சொம்பு கூடப் பிடிச்சாலும் தெருவே அதிரக் கத்துவாங்களே, அவங்கதான். எப்பவும் ஆறு வச்ச இடத்துல நேத்து எனக்கும் உங்க உம்மாவுக்கும்னு நாலு குடம்தான் வச்சேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே, "இன்னா, ரெண்டு கொறையுது? போய் எடுத்துக்கினு வா"ன்னு அதட்டினாங்க. பின்னாடி நின்ன யாரும் வாயைத் திறக்கலை.

அந்த ரெண்டு குடத் தண்ணியில ஒளு செஞ்சு அஸர் தொழுதேன். அல்லாஹ் பக்கத்துலதான் இருக்கான்னு தோணுச்சு. என்ன கேட்கிறதுன்னு தெரியலை. ஜெயக்கொடி அக்கா பேரைச் சொன்னேன்.

உங்க பிள்ளையோட உம்மா