ஒரு சின்ன ஜெபம்

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே பக்கத்து சீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். "வாந்தி வராது, மோந்துக்கினே வாம்மா" என்றார். மோந்தேன். அவ்வளவுதான், பஸ்ஸில் அத்தனை பேருக்கும் நடுவில் அழுதுவிட்டேன். போன தடவை இதே வளைவுகளில் பழம் உன் கையில் இருந்தது, என் தலை உன் தோளில் இருந்தது. எனக்கு மயக்கம் என்று நினைத்து அந்த அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆமாம், கரியாலூருக்குத்தான். கிறிஸ்தவ வலைப்பதிவர் கூடுகைக்கு. நீயா, தனியாவா என்று வாயைப் பிளப்பாய். நானேதான். போகாவிட்டால் உன்னை மறந்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயந்து கிளம்பினேன்.

சங்கராபுரம் ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். வலைப்பூவில் ஜெபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவேன். கடைக்கு வந்தவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நாக்கு புரளாது. என் பதிவுகளைப் படித்துவிட்டு மூங்கில்துறைப்பட்டிலிருந்து நேராகக் கடைக்கே வந்து நின்றாய். "இன்னாடி, எழுத்துல அந்தப் பேச்சு பேசற, வாயில இன்னா கொழுக்கட்டையா?" முதல் சந்திப்பிலேயே 'டி'. எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

முதல் கூடுகைக்கு நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். போகிற வருகிறவர்கள் எல்லாம் "ஸ்தோத்திரம் சிஸ்டர், உங்க ப்ளாக் பேரு இன்னாங்க?" என்று கேட்கக் கேட்க, நான் பாத்ரூமில் போய் ஒளிந்துகொண்டேன். கதவைத் தட்டினாய். "வட ஆறுது, வெளிய வாடி. யாரும் உன்ன கடிச்சுத் துன்னுட மாட்டாங்க."

ஆனால் நான் உண்மையில் நடுங்கியது வேறொன்றுக்கு. நம் கூட்டங்களில் யார் எப்போது மாட்டுவார்கள் என்று சொல்லவே முடியாது. நடத்துகிற ஐயா சுற்றிலும் பார்ப்பார். "சிஸ்டர், நீங்க ஒரு சின்ன ஜெபம் பண்ணி முடிச்சிடுங்க" என்பார். அவருக்கு அது சின்னது. எனக்கு அது மலை. அன்று அவர் கை என் பக்கம்தான் நீண்டது. நான் எழுவதற்குள் நீ எழுந்து, "அன்புள்ள பரலோகப் பிதாவே!" என்று மண்டபம் அதிர ஆரம்பித்துவிட்டாய். உடனே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். யாரைக் கேட்டோம் என்பது ஐயாவுக்கே மறந்துபோனது. முடித்துவிட்டு உட்கார்ந்து என் காதில் சொன்னாய்: "நீ எழுது. பேசறத நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்றாயே, பாவி.

காய்ச்சல் என்றுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்தாய். பதிவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு மணி நேரமாக விடாமல் சங்கிலி ஜெபம் செய்தார்கள். நானும் மெஷின் ஓட ஓட முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று போஸ்டர் ஒட்டினார்கள். நித்திரை என்றால் எழுப்ப வேண்டியதுதானே! அன்றோடு என் ஜெபம் நின்றது. எழுத்தும் நின்றது. ஜெபிக்க முடியாதவள் ஜெபத்தைப் பற்றி என்னத்தை எழுதுவது?

இந்தத் தடவை மண்டபத்தில் உன் படத்தைத் திரையில் போட்டிருந்தார்கள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். ஐயா மைக்கில் சொன்னார்: "நம்ம சிஸ்டரோட குடும்பத்துக்கு ஆறுதல் கெடைக்க, அவங்க உயிர்த்தோழி ஒரு சின்ன ஜெபம் ஏறெடுப்பாங்க." மைக் என் கைக்கு வந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பிதாவே என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வந்துவிடும். தொடங்க வரவில்லை. அது கூச்சமில்லை. கூச்சம் எனக்குப் பழகின நோய், அதை எனக்குத் தெரியும். இது வேறு. கூப்பிட்டால் கேட்க அங்கே யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நிலையிலும் வெட்கமில்லாமல் உன் படத்தைத்தான் பார்த்தேன், நீ எழுந்து ஆரம்பித்துவிட மாட்டாயா என்று. கூரைமேல் தூறல் சத்தம் கேட்டது. யாரோ விசும்பினார்கள். உன் அம்மா, தங்கச்சி முகமெல்லாம் கண்முன் வந்து போனது, அவர்களுக்காகக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. கை ஓய்ந்துபோய் மைக்கைக் கீழே இறக்கினேன்.

"ஆமென்!" என்றது மண்டபம் முழுக்க.

மௌன ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ஜெபம்னா இதுதான் சிஸ்டர், எனக்கு ஒடம்பே சிலிர்த்துப்போச்சு." ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கும் சேத்து பேசிட்டீங்க" என்றார். நான் ஒன்றுமே சொல்லவில்லை ஐயா, சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

மலை இறங்கி வந்துவிட்டேன். அத்தனை பேர் சொன்ன ஆமென் என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் வைக்க ஒரு வார்த்தைகூட இல்லை.