பாட்டுப் பெட்டியில் ஒரு சிவப்புக் கோடு

ரிப்பேர் கடைக்காரர் உன் பாட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "இந்தச் செவப்புக் கோட்டையும் தின்னர் போட்டு எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மளிகை மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது மகன் வீட்டு மாடியில், என் மேசை மேல் அது பாடிக்கொண்டிருக்கிறது. சத்தம் சரியாகச் சிவப்புக் கோடு வரைக்கும் வைத்திருக்கிறேன்.

அது நகச்சாயம். சத்தம் கூட்டும் திருகுக்குப் பக்கத்தில் உன் மகள் வைத்த கோடு. திருகை அந்தக் கோட்டுக்கு நேராக நிறுத்தினால் கூடத்தில் இருப்பவர்களுக்கு இதமாகக் கேட்கும். தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். காதால் தெரிந்துகொள்ள முடியாதவன் கண்ணால் தெரிந்துகொள்வதற்காக வைத்த கோடு. உனக்குக் காது கேட்காது, மாப்ள. உன் ஊருக்கே அது தெரியும். பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்த எனக்கு உன் பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் தெரிந்தது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால், புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி நீ கட்டிய வீட்டுக்குப் புண்ணியார்ச்சனை. பால் காய்ச்சி முடித்து, சொந்தபந்தமெல்லாம் பந்திக்கு உட்காரப் போகிற நேரம். நான்தான் எல்லோரையும் நிறுத்தினேன். பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். பழைய ரேடியோ மாதிரி முகம். உள்ளே பழைய பாட்டெல்லாம் முன்னமே ஏற்றி வைத்தது. போன் வேண்டாம், நெட் வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். சும்மா கொடுத்துவிட்டுப் போகிற ஆளா நான்? ஒரு பேச்சும் பேசினேன். "இருவத்திரெண்டு வருசம் போர் வண்டியில இவன் காதுல கம்பரசர் சத்தத்தைத் தவிர வேற ஒண்ணும் உழுந்ததில்லைங்க. இனிமேலாவது நல்ல பாட்டாக் கேக்கட்டும்!"

யாரும் சிரிக்கவில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. உன் பெரியப்பா மகன் தரையைப் பார்த்தார். உன் மகள் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். மனசு நெகிழ்ந்து நிற்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பெட்டியை முழுச் சத்தத்தில் போட்டு, உன் முகத்துக்கு நேரே பிடித்து, "எப்படி?" என்றேன்.

நீ பெட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு வலது கையை முஷ்டியாக்கித் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து உதறினாய். ரிக்கில் நாம் பேசிய பாஷை. நான் பூரித்துப்போய், "தண்ணி வந்துருச்சுங்கறான் பாருங்க!" என்று கூட்டத்துக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

போர் போடுகிற ரிக் ஓடும்போது, கம்பரசர் பக்கத்தில் நின்று காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால்தான் எல்லாமே கைச்சாடை. ராடு மாற்றுவதற்கு ஒன்று, மெஷினை நிறுத்துவதற்கு ஒன்று, சோறு வெந்துவிட்டது என்பதற்கு ஒன்று. குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டால் முஷ்டியை விரித்து உதற வேண்டும். வெறும் கல்தூள் புகையாகப் பறந்தால் உள்ளங்கையை வாய்க்கு நேரே விரித்து ஊத வேண்டும். நீ டிரில்லர், மெஷினை ஒட்டியே நிற்பாய். நான் மேனேஜர், போர் போடச் சொன்ன பார்ட்டியோடு தூரத்தில் மர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்தான். ஆட்கள் முன்னால் "ஏனுங்க மேனேஜரு" என்பாய். தனியாக இருந்தால் "ஏண்டா" தான்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோயாக் காட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? நானூறு அடி போயும் புகை. காட்டுக்காரர் போதும் என்கிறார். அடிக்கணக்கில்தான் கூலி, இன்னும் நூறு அடி ஓட்டினால் நமக்கு நல்லது என்று எனக்கு ஆசை. அவருக்கும் அதற்குள் நம் சாடையெல்லாம் பழகியிருந்தது. நொடிக்கொரு தரம் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் உனக்குக் கண் காட்டினேன், கொஞ்சம் ஈரம் தட்டுகிறது என்று காட்டச் சொல்லி. நீ அவரை நேராகப் பார்த்து, உள்ளங்கையை விரித்து ஊதினாய். மெஷின் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் உன்னைச் சோறு தின்ன விடாமல் திட்டினேன். நீ குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "வாய் என்னத்த வேணாலும் சொல்லுமுடா. கை பொய் சொல்லக்கூடாது. குழிக்குள்ள என்ன இருக்குதுன்னு இந்தக் கைய வெச்சுத்தான் அத்தன பேரும் நம்பறாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லை. வடக்கே அத்தனை ஊரிலும் நம் வண்டிக்கு நல்ல பேர் கிடைத்தது என் பேச்சால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிக்கை விட்ட பிறகு நான் சேலத்துக்கு வந்துவிட்டேன், நீ ஊரோடு போய்விட்டாய். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை வருவேன். வந்தால் வாய் மூடாது. மகன் கடை, மருமகள் சமையல், என் சர்க்கரை, உலகத்து அரசியல் எல்லாம் பேசி முடிப்பேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஆமா", "அப்படியா", "அட உடு" என்பாய். இந்த மூன்றுக்குமேல் நீ பேசியதாக எனக்கு நினைவில்லை. என்ன அருமையாகக் காது கொடுத்துக் கேட்கிறான் என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொள்வேன். என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது. நான் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிய நாளில் எத்தனை சிரமப்பட்டிருப்பாய்!

போன் செய்தால் எப்போதும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரிதான் எடுப்பாள். "அவரு காட்டுப்பக்கம் போயிருக்காருங்ணா" என்பாள். மேனேஜராக இருந்தவன் கூப்பிட்டால் வந்து பேசக்கூட உனக்கு நேரமில்லையா என்று ஒரு வருடம் முறுக்கிக்கொண்டு வராமலே இருந்தேன். அப்புறம் வந்தபோது, உன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. "உன்கிட்டப் பேசறது செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி!" என்று நானே சொல்லி, நானே சிரித்தேன். காபி கொண்டுவந்த தங்கச்சி டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இன்னொரு நாள். நான் வந்திருக்கிறேன், பெட்டி உன் முழங்காலுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கிறது, நீ தொடையில் தாளம் போடுகிறாய். சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றுவிட்டது. உன் தாளம் நிற்கவில்லை. "டேய், பாட்டு நின்னு அரமணி நேரம் ஆச்சு, நீ இன்னும் கச்சேரி பண்ணற" என்று தோளில் தட்டினேன். நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய். அது கண்ணுக்கு முன்னால் நடந்தது. அதற்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை என்றால், என்னை என்னவென்று சொல்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, தங்கச்சிதான் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். "சார்ஜ் ஏற மாட்டேங்குதுங்ணா. சேலத்துல குடுத்துச் சரி பண்ணிக் குடுங்க. வெடியால சமைக்கறப்ப எனக்கு இது பாடோணும்." இந்தச் சிவப்புக் கோடு எதற்கு என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவருக்கு எங்கங்ணா சத்தம் தெரியும்? நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்துப் பக்கத்துல வெச்சுக்குவாரு. ஒருக்கா ரொம்பச் சத்தமா வெச்சுட்டாருன்னு அம்முணிதான் கோடு போட்டுக் குடுத்தா."

"தெரியாதுன்னா?" என்றேன். அப்புறம் அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே. "ஒரு காது ரிக்குல இருக்கறப்பவே போயிருச்சுங்ணா. இன்னொண்ணு ரிக்க உட்டு ஊருக்கு வந்து ரெண்டு வருசத்துல, இந்த ஊடு கட்டறதுக்கு முன்னாலயே. காதுல மாட்டற மிசினு வாங்கிக் குடுத்தோம், ஒரே இரைச்சல்னு கழட்டி வெச்சுட்டாரு. உங்க ரிக்குச் சாடையிலதான் நாங்க அவருகிட்டப் பேசுவோம். பேத்திக்குக்கூடத் தெரியும்."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நானும் கேட்டனுங்ணா. அண்ணங்கிட்டச் சொல்லீரலாமுன்னு. 'அவனுகிட்ட ஒருக்காச் சொல்லிட்டேன், மறுக்கா எதுக்கு'ன்னுட்டாரு."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எப்போது சொன்னாய் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ரிக்கில் நமக்குப் பத்தாவது வருடமோ என்னவோ. நல்ல கோடை. நாலு ஊரில் தண்ணீர்ப் பாயிண்ட் பார்த்துவிட்டு நம் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். மத்தியானம் மெஷினை நிறுத்தியதும் என் கட்டிலுக்கு வந்தாய். காதில் பஞ்சு, பஞ்சு மஞ்சளாக இருந்தது. "மெஷின நிறுத்துனாலும் காதுக்குள்ள சில்வண்டு கத்திக்கிட்டே இருக்குதுடா. ஒரு மாசம் என்னை மெஷின்ல இருந்து மாத்தி உடு. லாரி ஓட்டறேன், சமையல் பண்ணறேன், எதுன்னாலும் சரி" என்றாய். அன்றுவரை நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான் என்ன சொன்னேன்? "நல்லதுதானே மாப்ள, ஊட்டுக்குப் போனாப் பொண்டாட்டி திட்டறது கேக்காது" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பஞ்சை மாற்றிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிப் போனாய். உன்னை மாற்றியிருந்தால் அந்தக் கோடையில் என் வண்டி படுத்திருக்கும், என் பேர் கெட்டிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்துதான் சிரிக்க வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தங்கச்சி சொன்ன நொடியில் அந்தப் பஞ்சின் நிறம் வரைக்கும் நினைவு வந்துவிட்டதே!

அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் நீ அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றாய். அதையே பெருமையாக வைத்துத்தான் ஊரைக் கூட்டி, உன் காதில் கம்பரசர் சத்தம்தான் விழுந்தது என்று பேசி, பாட்டுப் பெட்டி பரிசு கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் தலைகுனிந்து பந்தியில் உட்காராமல் போயிருப்பேன். நீ எனக்குச் சோறு போட நினைத்தாய். அதற்காகக் கையைத் தூக்கி, தண்ணீர் வந்துவிட்டது என்று காட்டினாய். குழி வறண்டு அழுத காட்டுக்காரர்களுக்காகச் சொல்லாத பொய், நான் கண் காட்டிக் கேட்டும் சொல்லாத பொய். வறண்ட குழிதான் என்று உனக்குத் தெரியும்.

நாளைக்குக் காலையில் நாமக்கல் பஸ் ஏறி இதைத் தங்கச்சியிடம் கொடுக்க வேண்டும். விடியலில் அவளுக்கு இது பாட வேண்டும். எனக்கென்று நான் வைத்துக்கொள்ள உன் பொருள் எதுவும் இல்லை. கூட்டத்துக்கு மேலே தூக்கிய உன் கை மட்டும் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. வாயால் பிழைத்தவன் நான். இந்த ஒரு மாதமாகப் பேச ஆரம்பித்தால் அந்தக் கை வந்து நிற்கிறது, பாதியில் நிறுத்திவிடுகிறேன். மருமகள்கூட, "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் முன்னால், எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டு காதையும் அழுந்தப் பொத்திக்கொண்டு பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிகிறது. திருகு கோட்டுக்கு நேரே நிற்கிறது. நாலு வருடம் நீ பார்த்தது அவ்வளவுதான்.

காதிலிருந்து கையை எடுத்தேன். நீ மெஷின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, உள்ளங்கையை வாய்க்கு நேரே விரித்து ஊதினேன்.