வேலாயுதத்தின் மாடி வீடு

4-2-1973
வேலாயுதம் மாடி போடுகிறானாம். மொசைக் தரையாம். குழாயடியில் கேட்டு வந்த காந்தா, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். குழம்பில் உப்பில்லை என்று அவளிடம் சத்தம் போட்டேன். உப்பு இருந்தது.

கலியாணசுந்தர முதலியாரின் ஜரிகைக் கடையில் அவனும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பட்டு நூலையும் ஜரிகையையும் தொட்டுப் பார்த்தே தரம் சொல்பவன் நான். அவனுக்கு அது இன்றுவரை வராது. ஆனால் முதலாளிக்கு மாப்பிள்ளையானவன் அவன். நான் தனிக்கடை வைத்து, அறுபத்தைந்தாம் வருஷம் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலானேன்.

9-2-1973
வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனேன். அவன் வீட்டுக்குக் கடன் கொடுத்த அதே சங்கம். மனை வாங்கிவிட்டேன், கடையும் மறுபடி நன்றாக நடக்கிறது. செயலாளர் எல்லாவற்றையும் பார்த்தார். திவாலான ஆள் என்பதால், அன்று கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் பாக்கியில்லை என்று எழுதி வாங்கி வரவேண்டுமாம். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் மனு தள்ளுபடி.

15-2-1973
மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிற்பது முதலியார் கணக்கு ஒன்றுதான். அதையும் எழுபதிலேயே முழுக்க அடைத்தேன். அடைத்து என்ன? கடன் தீர்ந்தால் புரோநோட்டைக் கிழித்து, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தில் போட்டுவிடுவது எங்கள் கடைத்தெரு வழக்கம். அந்த நேரத்தில் ரசீது கேட்பது, முகத்துக்கு நேரே உன்னை நம்பவில்லை என்பதற்குச் சமம். நானும் கேட்கவில்லை. முதலியார் இப்போது உயிரோடு இல்லை.

அவர் சம்சாரம் காமாட்சியம்மாளைப் போய்ப் பார்த்தேன்.

"எனக்கு இன்னாப்பா தெரியும்? கடைய மாப்பிள்ளைதான பாத்துக்கினு இருக்காரு. அவரையே கேளு."

அவனையா?

16-2-1973
போகமாட்டேன்.

20-2-1973
வேலாயுதம் வீட்டுத் தெருவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் சைக்கிளை அங்கேதான் விட்டேன். மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்த பலகைகளைப் பிரித்துவிட்டார்கள். பால்கனிக்கு இரும்புக் கிராதி வேறு. யார் வைத்த முதல்? மாமனார் வைத்தது. நான் சறுக்கினபோது பிடிக்க எவன் இருந்தான்?

எனக்கு வயிறு எரிகிறது என்கிறாள் காந்தா. எரியத்தான் எரியுது. அதுக்கு இன்னா இப்போ?

26-2-1973
காந்தா காலையில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவரக் கேக்க வெக்கமா இருக்குது, இன்னொருத்தன் வீட்ல சாவுற வரைக்கும் வாடகை குடுக்க வெக்கமா இல்லியா?"

போனேன்.

காக்க வைப்பான், பழசைக் கிளறுவான் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"கற்பூரம் ஏத்துனதே நான்தானண்ணா" என்றான். அங்கேயே உட்கார்ந்து எழுதினான். உள்ளே போய் மாமியாரிடம் கையெழுத்து வாங்கி வந்தான். காப்பி வரவழைத்தான். குறை சொல்ல ஒரு இடம் வைக்கவில்லை, பாவி. காப்பிகூட நன்றாக இருந்தது.

2-4-1973
கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. காந்தா அழுதாள். நான் கொத்தனாரைப் பார்க்கப் போனேன்.

27-1-1974
கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. வெறும் சிமெண்டுத் தரை, ஒரே கூடம், இரண்டு அறை. வேலாயுதம் பழத்தட்டோடு வந்தான். ஒவ்வோர் அறையாகப் போய், கதவைத் தள்ளிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து பார்த்து, கடைசியில் கிணற்றடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"பத்திரம் உங்க பேர்லயாண்ணா?"

"பின்ன, வேற யார் பேர்ல?"

கிணற்று ராட்டினத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அங்க எல்லாம் மாமியார் பேர்ல. கடனும் அவங்க பேர்லதான். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுக்கினுதான் அடிக்கணும்."

சொல்லிவிட்டு என் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எழுதிக் கொடுத்தவன்தானே. ஆனால் நான் அவன் தோளில் கை போட்டுக் கொல்லைப்புறம் கூட்டிப் போய், பிற்பாடு மாடிப்படி கட்ட விட்டிருக்கிற இடத்தை நிதானமாகக் காட்டினேன்.