விளக்கில்லாத தோணி

கார்த்திகை 10, திங்கள்

காலையில் வெயில். மத்தியானத்துக்குப் பிறகு ஒரே புழுக்கம். காற்று அடியோடு இல்லை, ஆனால் கடல் பொங்கிப் பொங்கி விழுகிறது. காங்கேசன்துறையில் நங்கூரம் போட்டபடி கிடக்கிறோம். கூரை ஓட்டைக் கரைக்கு இறக்கும் வத்தைப் படகுகள் ஒன்றும் கிட்ட வரவில்லை. நாகபட்டினத்து ஓட்டில் பாதி இன்னும் தோணியின் வயிற்றிலே.

ஆட்கள் மூன்றே பேர். தோணியை ஓட்டுகிற தண்டையல் நான். பாய்மரத்தடியில் தெய்வமாகக் குடியிருக்கிற அம்மாளின் விளக்குக்குப் பொறுப்பான கதிரேசு அண்ணை. சமைக்கிற இராசு. மற்றவர்கள் கார்த்திகை விளக்கீட்டுக்கு வீடு போனவர்கள். நாளைக்கே வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்கள். எந்த நாளைக்கோ.

எனக்கும் போக ஆசைதான். வீட்டில் பிள்ளைத்தாச்சியாக இருக்கிற இவளுக்கு மாதம் முடிந்துவிட்டது. தோணியை யாரிடம் விடுவது?

இராசு கருவாட்டுக் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறான். கேட்டால் தோணி ஆடினதாம்.

கார்த்திகை 11, செவ்வாய்

வானம் செம்பு நிறம். கடற்பறவைகள் எல்லாம் தரைப்பக்கம் போகின்றன. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு துறைமுகக் கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏற்றினார்கள். புயல்.

இந்தத் துறை வடக்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. வாடைக்காற்று முறுகினால் நங்கூரம் இழுபட்டு நேரே கல்லில்தான். ஊர்காவற்துறைக்குப் போய்ச் சேர்ந்தால் தீவுகளின் மறைவு உண்டு. உள்ளே நுழைகிற வழி எங்கள் மூவரில் எனக்கு மட்டும் தெரியும்.

தோணி முதலாளிக்கு ஆள் அனுப்பினேன். ஓடு முழுக்க இறக்காமல் தோணி அசையக்கூடாதாம். மெத்தை வீட்டில் சாய்ந்துகொண்டு எதையும் சொல்லலாம். நாளை விடிய வெளிக்கிடுவதென்று முடிவு. பேச்சு விழுந்தால் விழட்டும்.

செய்தது: இரண்டாவது நங்கூரமும் போட்டாயிற்று. ஓட்டை நடுவுக்கு நகர்த்தி அடுக்கினோம். பாயை ஒரு முழம் சுருக்கித் தைத்தது. தண்ணீர்ப் பீப்பா கட்டியது. கோடரி தீட்டியது.

செய்யாதது: கிடுகுக் கூரையைக் கழற்றவில்லை. முதுகு விட்டுப்போயிற்று.

வீட்டுச் செய்தி இல்லை.

கார்த்திகை 12, புதன்

விடிய ஒரு சொட்டுக் காற்றில்லை. காத்திருந்தோம். வெயில் ஏறத் தொடங்கும்போது வாடை தொட்டது. "நங்கூரத்தை எடுங்கோ" என்று நான் சொல்லவும், மச்சான் ஒரு வத்தையில் வரவும் சரியாக இருந்தது. தோணியைத் தொடாமல் எட்ட நின்று, கரை முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்தினான்.

"அத்தான், பெட்டைப் பிள்ளை பிறந்திருக்கு. அக்கா சுகம்."

கண் கலங்கிவிட்டது. பெட்டை. அடுத்த கணமே இவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா என்று ஆத்திரம். பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு, செய்தி காதில் விழாதவரைக்கும் எனக்கு இல்லை. விழுந்தாயிற்று.

கதிரேசு அண்ணை என்னைப் பார்த்துவிட்டு விளக்கைப் பார்த்தார். துடக்குக்காரன் அம்மாளைத் தாண்டி முன்னுக்குப் போகக்கூடாது. பின்னால் சுக்கானோடு நிற்கலாம், அவ்வளவுதான். ஆனால் நங்கூரங்கள் இரண்டும் முன்னால். இந்த அலையில் மூன்று பேர் இழுத்தாலே மூச்சு வாங்கும். மச்சானுக்கும் அதே துடக்கு, அவனும் ஏற முடியாது. அவரும் இராசுவும் இழுத்துப் பார்த்தார்கள். வடம் அசையவில்லை. அறுத்துவிடலாம் என்றான் இராசு. அறுத்தால் ஊர்காவற்துறையில் எதைப் போடுவது?

நான் வருகிறேன் என்று காலெடுத்து வைத்தேன். க. அண்ணை குறுக்கே நின்றார்.

"வேண்டாம் தம்பி. உமக்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது."

பிள்ளை என்றதும் எடுத்த காலை நானும் பின்னுக்கு வைத்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் மச்சானுக்குப் பேசினேன். பாவம், அவன் சந்தோசச் செய்தி கொண்டுவந்தவன். வத்தையைத் திருப்பிக்கொண்டு போனான்.

காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அண்ணை கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு எழும்பித் தலையில் தண்ணீர் வார்த்தார். விளக்கைத் தூண்டாமல் அணையவிட்டு, வெள்ளை வேட்டியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அம்மாளைக் கோயிலிலை விட்டிட்டு வாறன். அவ இல்லாட்டி இது வெறும் தோணிதானே. பிறகு நீர் எங்கையும் போகலாம்."

எங்கள் சின்ன வள்ளத்தில் தனியே கரைக்குப் போனார். அலையில் வள்ளம் மறைகிறது, தெரிகிறது. இந்த வயதில் வீடு வாசல் உள்ள மனுசன். திரும்பி வராமல் விட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது. வந்தார். வெறுங்கையோடு.

பாய்மரத்தைத் தாண்டும்போது கால் கூசியது. மூவருமாக இரண்டையும் இழுத்தெடுத்தோம்.

அதே நாள், பின்னேரம்

ஊர்காவற்துறை. கோவளம் வெளிச்சவீட்டைத் தாண்டும்போது ஒரு அலை பின்னால் ஏறிச் சட்டி பானையில் பாதியைக் கொண்டுபோயிற்று. கிடுகுக் கூரையும் போயிற்று, கழற்றுகிற வேலை மிச்சம். கடற்கோட்டைக்கு இந்தப் பக்கம் இரண்டு நங்கூரமும் போட்டிருக்கிறோம்.

மழை ஊசியாகக் குத்துகிறது. பாய்மரத்தடியில் எப்போதும் தெரிகிற அந்தச் சின்ன வெளிச்சம் இல்லை. பயமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை.

கார்த்திகை 13, வியாழன்

மூவரும் உயிரோடு. தோணி மிதக்கிறது. காற்று இறங்கிவிட்டது, மழை விடவில்லை.

நேற்று இருட்டுப்படுகிற நேரம் காற்று மேற்கே திரும்பியது. நங்கூரங்கள் இழுபடத் தொடங்கின. தோணி சரிந்தபடியே கோட்டைக் கல்லுப் பக்கம் போகிறது. சுருட்டிக் கட்டின பாயோடு பாய்மரம் நிற்கும்வரை காற்று அதைப் பிடித்துத் தள்ளும். வெட்டத்தான் வேண்டும். மூவருக்கும் தெரியும். அம்மாள் குடியிருந்த மரம். நேற்றுக் காலைவரை அதில் ஒரு ஆணி அடிக்கக்கூட க. அண்ணை விட்டதில்லை.

அவரே கோடரியை எடுத்துவந்து என் கையில் தந்தார்.

"இப்ப வெறும் மரம்தானே தம்பி. வெட்டும். எனக்குக் கை வராது."

இராசு கயிறுகளை அறுத்தான். நான் வெட்டினேன். மரம் கடலில் விழுந்ததும் தோணி நிமிர்ந்தது. கொஞ்ச தூரத்தில் நங்கூரங்கள் பிடித்தன. விளக்கு அங்கே இருந்திருந்தால் நான் கோடரியைத் தொட்டிருக்க மாட்டேன். மூன்று பேரும் கல்லில் செத்திருப்போம்.

பெட்டை பிறந்த நேரம் நல்ல நேரம் என்று இராசு காலையிலிருந்து ஓயாமல் சொல்கிறான். எனக்கும் அப்படித்தான் நம்ப ஆசை. மச்சானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலாளி மரத்துக்கு என்ன சொல்வாரோ.

க. அண்ணை தேத்தண்ணி குடிக்கவில்லை. மழையில் நனைந்தபடி வெட்டுப்பட்ட அடிக்கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறார். சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தா, எங்கை தம்பி இருத்துறது?"

நான் அவர் பக்கத்தில் இருந்துவிட்டேன். வெட்டினவன் நான்.